டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த கேமரா

தலை நரைத்த அந்த ஹார்ட் ராக் குழுவின் கச்சேரி வீடியோவாக வெளிவர இருந்தது. எடிட்டிங் அறையில் பாடகர் கிளமெண்டும் கிட்டார் வாசிக்கும் தேவசகாயமும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில், கடைசிப் பாட்டின் உச்சத்தில் ஸ்பீக்கர்களில் டமாரென்று ஒரு சத்தம் வெடித்து, கிட்டார் நின்றது. அந்த இடம் வந்ததும் கிளமெண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிட்டார் கேபிளை ஒழுங்கா மாட்டத் தெரியல. உன்னாலதான்டா என் குரலும் தடுமாறிச்சு."

"வயசாயிடுச்சுடா. வெட்டிட்டுப் போயேன்" என்றார் தேவசகாயம்.

"டிரம்ஸுக்குப் பின்னாடி ஒரு கேமரா இருந்துச்சு சார். அதையும் பாத்துட்டு வெட்டிக்கலாம்" என்று எடிட்டர் ஷெரின் அந்தப் பதிவை ஓடவிட்டாள்.

அதில் கிளமெண்டின் முதுகு தெரிந்தது. மேலே போன குரல் உடைந்தது. கிட்டார் அப்போதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. தேவசகாயம் சட்டென்று திரும்பிக் குனிந்து, கேபிளைத் தானே பிடுங்கினார். தூங்குகிறவனுக்குப் போர்வையை இழுத்துவிடுகிறவரின் முகம் அது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

ஷெரின் மெதுவாகக் கேட்டாள். "எதை வைக்கட்டும் சார்?"

"முன்னாடி கேமராவே இருக்கட்டும்மா. அதுலதான் இவன் பாக்க நல்லா இருக்கான்" என்றார் தேவசகாயம்.

"இதை வைம்மா" என்றார் கிளமெண்ட். "என் குரலையும் சேத்து வை."

"சும்மா இருடா. உலகமே பாக்கப் போவுது."

தேவசகாயம் திரையை அணைக்கக் கையை நீட்டினார். கிளமெண்ட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது.