சுத்தி வச்சது வேண்டாம்

தெருமுனை வண்டியில் ஜப்பான் சோற்று சாண்ட்விச் மலிவு. அதனால் அங்கே வரிசைக்குப் பஞ்சமில்லை.

"எனக்குப் புதுசா சுத்திக் கொடும்மா," என்றார் வாட்ச்மேன்.

"சுத்தி வச்சதே குவிஞ்சு கிடக்கு. தினமும் உங்களோட இதே ரோதனை!" என்று நொடித்தாள் கடைக்காரி.

கடற்பாசித் தாளில் சோறும் முட்டையும் வைத்து, நான்கு முனைகளையும் மடித்து, உள்ளங்கையால் அழுத்தினாள். மடிப்பு ஒட்டிய பிறகுதான் நறுக்க முடியும். அதுவரை அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நின்ற கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை. "பெரிய மாப்பிள்ளை முறுக்கு! இருக்கறதை வாங்கிட்டு நகருங்க. எனக்கு பஸ் போயிடும்."

சாண்ட்விச்சை வாங்கிய வாட்ச்மேன், காசுக்குப் பதில் அவள் கையில் வீட்டுச் சாவியை வைத்தார்.

"ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு. குடிச்சிட்டுப் படு. இருமல் இன்னும் விடலையே."

கிளார்க் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமா சார். எனக்குப் பகல் வேலை, அவருக்கு ராத்திரி வேலை. இந்த மடிப்பு ஒட்டற வரைக்கும்தான் எங்க குடித்தனம்."

வாட்ச்மேன் கிளம்பினார். கிளார்க் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"சார், ராத்திரி முழுக்க முழிக்கணும். ஒண்ணு எப்படிப் பத்தும்? இன்னொண்ணு வாங்கிக்குங்க. புதுசாவே சுத்தட்டும்."