அரை விரல் உயரம்

பிடரி கடுத்தது.

மூன்றாவது மூட்டைக்கே கடுத்தது. ஐப்பசி மழையிலிருந்து சுமை ஏறாத பிடரி.

லாரியிலிருந்து மண்டியின் கிட்டங்கிக்குப் பலகை போட்டிருந்தார்கள். பலகையில் அவன் கால் நடுங்கியதை மற்ற நான்கு பேரும் பார்த்தார்கள். பார்க்காதது மாதிரி உளுந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இன்று யாரும் அவனை ஏட்டையா என்று கூப்பிடவில்லை.

நேற்று காவலர் தேர்வில் அளவுகோலுக்குக் கீழே நிறுத்தினார்கள். அரை விரல் குறைவு. ஓடிக் காட்டும் முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எழுத்துத் தேர்வில் அவன் தேறிய அன்று, குழுவில் மூத்தவரான சங்கையாதான் சொன்னார். தலைச்சுமை ஆளை அமுக்கிவிடும். உடல் தேர்வு முடியும்வரை இவன் மூட்டை தொடக்கூடாது. விடிந்ததும் மைதானத்தில் ஓடட்டும், அப்புறம் வந்து கிழிந்த சாக்குத் தைக்கட்டும். இவன் சுமையை நாம் பிரித்துக்கொள்வோம்.

சுமை நாலாகப் பிரிந்தது.

கூலி ஐந்தாகவே பிரிந்தது.

மைதானத்தில் பயிற்சி கொடுத்தவர் முதல் வாரமே அவனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். தேறாதுப்பா, வளர்ற வயசும் இல்ல என்றார்.

அவன் தலையாட்டிவிட்டு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்த பிறகும் படுத்தே கிடந்தான். பிடரி இலேசாக இருந்தது. அப்படி ஒரு காலையை அவன் உடம்பு கண்டதில்லை.

வெயில் ஏறியதும் எழுந்தான். தெருக்குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு, ஓடி வந்தவன் மாதிரி மண்டிக்குள் நுழைந்தான்.

சங்கையா தன் துண்டை எடுத்து நீட்டினார். தொடச்சுக்கோ, சளி பிடிக்கும் என்றார்.

அதன் பிறகு தினமும் நனைத்தான்.

இப்போது நான்காவது மூட்டைக்குக் குனிந்தான். சங்கையா தடுத்தார். தன் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உருவி, மடித்து, அவன் பிடரியில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"மீச முளைக்காத பயலா வந்த. ஒந்தலையில மொத மூட்டைய ஏத்துனது நாந்தான்யா. அப்பவே அமுக்கிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

அவன் வாயைத் திறந்தான்.

பின்னால், நகருப்பா, வழிய விடு என்றது ஒரு குரல்.

நகர்ந்து வழிவிட்டான்.

சங்கையாவின் முறைக்கு வந்த மூட்டையின் அடியிலும் அவனே போய்க் குனிந்தான். அவர் வேண்டாம் என்றது காதில் விழுந்தது. தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினான்.

கடனில் ஒரு மூட்டை கழிந்தது.

மழைக்காலம் முழுக்க நாலு பேர் சுமந்த அவன் மூட்டைகள் பாக்கி.