அடையாளம் தெரியாத நபர்

காலை பத்தரைக்கு நான்காவது முறையாக "மறந்துபோச்சு" என்றார் கணக்கு டீச்சர்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. உங்க வீட்டைக் காட்டிக்கொடுத்தது யாரு?" ஆவணப்பட இயக்குநரின் குரலில் மரியாதை மட்டும்தான் மிச்சமிருந்தது, பொறுமை இல்லை.

"வயசாச்சில்லையா. ஞாபகம் வரலை."

ராணுவ ஆட்சி நடந்த காலத்துக் கதை அது. டீச்சரின் கணவர் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவர். தடை செய்த துண்டறிக்கைகளை வீட்டுப் பரணில் ஒளித்துவைத்திருந்தார். யாரோ தகவல் கொடுத்தார்கள். ஜீப் வந்தது. ஏறிப் போனவர் திரும்பவில்லை.

நாற்பது வருடங்களாகத் தொலைக்காட்சி அந்தக் காலத்தை "சில விரும்பத்தகாத சம்பவங்கள்" என்று சொல்லி, கொஞ்சம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு, அடுத்து கட்டிய அணைக்குப் போய்விடும்.

இந்த இயக்குநர் அப்படி விடுகிற ஆள் இல்லை. ஆனால் சேனல் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சம்பந்தப்பட்ட குடும்பத்தில் ஒருவர் கேமரா முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வக்கீல் எழுதித் தந்த வாசகம்தான்: அடையாளம் தெரியாத நபர்.

"போன வாரம் போன்ல, பேர் தெரியும், கேமரா முன்னாடியே சொல்றேன்னீங்களேம்மா?"

"சொன்னேனா? பாருங்க, அதையும் மறந்துட்டேன்."

கேமராவை நிறுத்தச் சொன்னார் இயக்குநர். "டீ போட்டுட்டு வரேன்" என்று டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போனார்.

"பயந்துட்டாங்க" என்றார் இயக்குநர்.

"வயசும்தானே மேடம்" என்றார் கேமராமேன்.

"என்ன வயசு? மைக் குத்தும்போது நம்ம காதுகிட்ட ஊர் எது, அப்பா யாரு, என்ன வேலைன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. காதோட பொண்ணு எந்த வகுப்புன்னுகூடத் திருப்பிச் சொன்னாங்க. கேமரா ஓடினதும் மட்டும் மறதி வந்துடுமா? கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவனைக் காப்பாத்தறாங்க. இவங்களே வாயை மூடிக்கிட்டா நாம எந்த வரலாற்றை எடுக்கறது?"

காது என்பது ஒலிப்பதிவாளரின் பட்டப்பெயர். அடுத்த தெருவில் கொசு தும்மினாலும் அவர் ஹெட்போனில் கேட்கும் என்பார்கள். அவர் மூலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். டீச்சரின் புடவையில் குத்தியிருந்த குட்டி மைக்கைக் கழற்ற எல்லோருமே மறந்திருந்தார்கள்.

ஹெட்போனில் டீச்சருடைய மகளின் குரல் கேட்டது.

"என்னம்மா இது? இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தே?"

"மெதுவாப் பேசு. மைக் குத்திவிட்டானே, அந்தப் பையன்..."

"அவருக்கென்ன?"

"ஃபோர்மேனோட பிள்ளை."

"எந்த ஃபோர்மேன்?"

"அப்பா வேலை பார்த்த அச்சகத்து ஃபோர்மேன். நம்ம வீட்டைக் காட்டிக்கொடுத்தவன்தான்."

டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு டீச்சர் மறுபடியும் பேசினார்.

"எங்கப்பா மாதிரி ஒரு நல்ல மனுஷன் கிடையாதும்மான்னு என்கிட்டயே சொல்றான். செத்துப்போன அப்பன். அந்தப் பேரைச் சொன்னா முதல்ல விழறது அவன் காதுல. எப்படிடி சொல்வேன்?"

"அப்போ நம்ம அப்பாவுக்கு?"

டீயை ஆற்றும் சத்தம் கேட்டது.

டீ வந்தது. காது எழுந்துபோய் மைக்கைக் கழற்றினார். டீச்சருக்கு முகம் மாறிவிட்டது.

"ஐயோ, இது இவ்வளவு நேரம் ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"இல்லம்மா. அப்பவே அணைச்சிட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "டீயைக் குடிப்பா, ஆறிடும்" என்றார்.

வண்டியில் ஏறியதும் இயக்குநர் பெருமூச்சு விட்டார். "ஒண்ணும் தேறலை. வக்கீல் வாசகத்தையே போட்டுத் தொலைக்க வேண்டியதுதான். என்ன காது, உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"கரண்ட் இரைச்சல்தான் மேடம்."

அன்று மாலை காது வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மா அழவில்லை, மறுக்கவும் இல்லை. "உனக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் பதினெட்டாம் தேதி படம் ஒளிபரப்பானது. அதில் அடையாளம் தெரியாத நபர் என்று யாரும் இல்லை. கேமரா முன்னால் பெயரைச் சொன்னவர் ஒலிப்பதிவாளர். "எங்க அப்பா" என்று ஆரம்பித்தார்.