தலைக்குக் குளிக்காத அணி

"குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில தலைய நனைச்சுக்கோ. காஞ்ச முடிதான் குளோரின் தண்ணிய உறிஞ்சிப் பச்சையாகும். ஏற்கெனவே நிறம் மாறுது!" எமெஷே கணவனிடம் கெஞ்சினாள். அவன் வாட்டர் போலோ அணித் தலைவன். அணி மொத்தத்துக்கும் பொன்னிறச் சாயம் அடித்துவிட்டவள் அவள்தான்.

"கோப்பை கைக்கு வர்ற வரைக்கும் யாரும் தலைக்குக் குளிக்கமாட்டோம். ராசி போயிடும்டி," என்றான் பொடோண்ட்.

"பச்சையா மட்டும் ஆச்சு, ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது!"

மாலையில் புடாபெஸ்டில் இறுதிப் போட்டி. ஜெயித்தார்கள். கோப்பையை வாங்கத் தொப்பிகளைக் கழற்றினார்கள். அத்தனை தலையும் பாசி பிடித்த மாதிரி பச்சை. எமெஷே கண்ணை மூடிக்கொண்டாள்.

தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் அழுகையை நிறுத்தினார்கள். தங்கள் அணியின் பச்சைக் கொடிகளை ஆட்டியபடி எழுந்து கத்தினார்கள்: "நம்ம பசங்கதான்டா ஜெயிச்சிருக்காங்க!"