பதிவேட்டில் இல்லாத பெண்

"ஒரு பொண்ணைப் பதினோரு தடவை லாக்கப்புல வச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட ரிஜிஸ்டர்ல எழுதலை. அப்படித்தானே?"

"ஆமா, மேடம்," என்றார் பந்தெலெய். மால்டோவாவின் ஒரு சிறு நகரக் காவல் நிலையப் பொறுப்பாளர். இருபத்தாறு வருட சர்வீஸ்.

ருக்சாந்தா தலைநகரிலிருந்து விசாரணைக்கு வந்திருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமென்று நாடு காவல் சட்டத்தையே மாற்றியிருந்தது. யாரை அடைத்தாலும் உடனே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தவறினால் வேலை போகும். அந்தப் பிரிவை எழுதியது அவள்தான். அவள் தம்பியை ஒரு முறை இப்படித்தான், எந்தக் கணக்கிலும் வராமல், நான்கு நாள் வைத்திருந்தார்கள்.

புகார் கொடுத்த சார்ஜென்ட் கோர்னெலியு பக்கத்தில் நின்றிருந்தான். மேலதிகாரி மீதே எழுதிக்கொடுத்த அவன் துணிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஏன் எழுதலை?"

"எழுதினா ஸ்டேஷன்ல எல்லாரும் படிப்பாங்க, மேடம்."

"படிக்கத்தானே ரிஜிஸ்டர்!"

கோர்னெலியு சிரித்தான்.

"யார் அந்தப் பொண்ணு?"

"அவங்க அனுமதி இல்லாம சொல்ல மாட்டேன்."

"அடைக்கும்போதும் அனுமதி கேட்டீங்களோ?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோர்னெலியுவைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பதிவேடு காலியாக இருந்தது. சட்டத்துக்கு அது போதும். ருக்சாந்தா பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டாள்.

பந்தெலெய் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மேடம், அந்த லாக்கப்பை மட்டும் பூட்டி வச்சிடாதீங்க."

"இன்னும் யாரை அடைக்கணும் உங்களுக்கு?"

அவர் போய்விட்டார்.

"இனிமேதான் மேடம் இந்த ஸ்டேஷன் உருப்படும்," என்று சொல்லிவிட்டுக் கோர்னெலியு சாப்பிட வீட்டுக்குப் போனான்.

மதியம் அவள் அந்த லாக்கப்பை அளந்துகொண்டிருந்தாள். புதிய சட்டம் கேட்கும் அளவுக்கு அரை சதுர மீட்டர் குறைந்தது. குறித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு உள்ளே ஓடிவந்தாள். உதடு கிழிந்திருந்தது. கதவைச் சாத்தி, பழகிய கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.

லாக்கப் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். ருக்சாந்தா அதை அப்போதுதான் பார்த்தாள்.

"பந்தெலெய் ஐயா எங்கேம்மா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவருக்குத் தெரியும். நான் வந்தா அவர் வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குவார்."

ருக்சாந்தா அளவு நாடாவைக் கீழே வைத்தாள்.

வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. யாரோ கதவை நிதானமாக இரண்டு தட்டு தட்டினார்கள்.

"வெளிய வாடி, அகஃபியா." கோர்னெலியுவின் குரல். "புருஷன் கூப்பிடுறேன்ல? உன் பந்தெலெயை மேடமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."