பதினொன்றும் பூஜ்ஜியமும்

"பதினொரு பேர்! ஒரே ஆசிரியர்கிட்ட பதினொரு பேர்!" துறைத் தலைவர் மேடம் மேஜையைத் தட்டினார்.

புள்ளியியல் துறையின் கூட்டம். இரண்டு வருடத்தில் மனநல ஆலோசனை அறைக்குப் போன மாணவர்களின் கணக்கு திரையில் இருந்தது. அங்கே போக ஆய்வு வழிகாட்டியின் கையெழுத்து கட்டாயம். ஆலோசகர் மாணவர்களின் பெயரைத் தர மறுத்துவிட்டார். எந்தெந்த வழிகாட்டி எத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் தந்தார்.

கடுகு சாருக்கு நேரே பதினொன்று. மற்ற எல்லோருக்கும் பூஜ்ஜியம்.

கடுகு, மாணவர்கள் வைத்த பெயர். தப்பான சூத்திரத்தைப் பார்த்தால் அப்படிப் பொரிவார். மேடம் நேர்மாறு. யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா கண்ணு?"தான்.

அட்டவணையைத் தயாரித்து, கூட்டக் குறிப்பெடுக்க மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள் மேடத்தின் ஆராய்ச்சி மாணவி. "மனசு சரியில்லன்னா வெட்கப்படாம உதவி கேளுங்க" என்று மேடை மேடையாகப் பேசுகிறவள். அடுத்த மாதம் அவள் ஆய்வேட்டில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

"பசங்களைப் படுத்தினா இப்படித்தான் ஆகும் சார். இனிமே உங்களுக்குப் புது மாணவர்கள் கிடையாது. தீர்மானத்தை டைப் பண்ணு கண்ணு."

கடுகு பொரியவில்லை. "பண்ணிக்கோம்மா" என்றார்.

பாதி டைப் செய்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை பேரில் பதினொன்று என்று கேட்கவே இல்லையே! முதல் வருடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

"சார், உங்ககிட்ட மொத்தம் எத்தனை பேர் ஆராய்ச்சி பண்றாங்க?"

"மூணு."

"அப்போ இந்தப் பதினொண்ணு?"

கடுகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில பேருக்கு வழிகாட்டிகிட்ட கேக்க பயம். கேட்டாலும் கிடைக்கறதில்ல. அதான் வெறும் படிவத்துல கையெழுத்துப் போட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல வெச்சிடுவேன். யார் எடுக்கறாங்கன்னு பார்க்கறதில்ல."

மேடம் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "கதை விடாதீங்க சார்! என் பசங்களுக்கு என்ன குறை? என் பேருக்கு நேரே பாருங்க, பூஜ்ஜியம்!"

அந்தப் பூஜ்ஜியம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். தூக்கமே இல்லாமல் கிடந்த நாட்களில் படிவத்தை நீட்டியபோது, "வெளியே தெரிஞ்சா துறைக்குக் கெட்ட பேர் கண்ணு" என்று மேடம் சிரித்தபடியே திருப்பிக் கொடுத்திருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். பயமாகத்தான் இருந்தது. எந்த மேடையிலும் சொல்லாததை அன்று சொன்னாள்.

"அந்தப் பூஜ்ஜியம் தப்பு மேடம். பதினொண்ணுல ஒரு படிவம் நான் எடுத்தது."