ஒரு கைப்பிடிச் சோளம்

காலை வெயிலில் வேலியோரம் மூன்று இளஞ்சேவல்கள் நிற்கின்றன. ஒன்றுதான் தங்கும், மற்ற இரண்டும் இன்றே சந்தைக் கூடைக்குள் போகும். தையல்காரி கைக்குள் சோளத்தை மூடி வைத்திருக்கிறாள். "செவலையையே வெச்சுக்கலாம். எவ்வளவு உயரம் பாரு," என்கிறான் கணவன். "உயரத்த வெச்சு என்ன பண்றது, ஒட்டடை அடிக்கவா? பெட்டையக் கூப்பிட்டுக் குடுக்கிறவன்தான் கூட்டத்தப் பாத்துக்குவான்." சோளத்தை வீசுகிறாள். செவலையும் கறுப்பும் கழுத்தை நீட்டி வாரி விழுங்குகின்றன. கொண்டை கோணிய சாம்பல் சேவல் மட்டும் ஒரு மணியைக் கொத்துகிறது, விழுங்காமல் கீழே போடுகிறது, மறுபடி எடுத்துப் போட்டுத் தொண்டைக்குள் கொக்கொக்கென்று அழைக்கிறது. புள்ளிப் பெட்டை ஓடிவந்து, அதன் அலகடியில் கிடக்கும் மணியை எடுத்து விழுங்குகிறது. கணவன் குனிந்து, கூடைக்குள் போடச் செவலையின் காலைப் பிடிக்கிறான்.